சோளன் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை

சனிக்கிழமை காலைகளில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகும்போது என் பெறாமகளும் என்னோடு வருவாள். அவளுக்குப் பத்து வயது. சாமான் பட்டியல் அவள் கையில், பை என் கையில். போன கிழமைப் பட்டியலை அப்படியே தருகிறேன்: தக்காளி அரைக் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், பூசணிக்காயில் ஒரு துண்டு, ஆனைக்கொய்யா இரண்டு, கொய்யாப்பழம் நாலு, சோளன் மூன்று.

திரும்பி வரும்போது காலி வீதியைக் கடக்க நின்றோம். அப்போது சொன்னாள்: "சித்தி, இண்டைக்கு ஒரு இம்போர்ட் சாமானும் வாங்கேல்லை. எல்லாம் எங்கட ஊர்ச் சாமான்."

"பையில இருக்கிற ஆறுமே வெளியூர்க்காரர்தான், பிள்ளை" என்றேன். அவள் நம்பவில்லை. பையைத் திறந்து தக்காளியை எடுத்துப் பார்த்தாள், அதன் முகத்தில் ஊர் எழுதியிருக்கும் என்பதுபோல.

நீங்களும் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். 1500ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்துச் சந்தையில் யாராவது கூடையோடு நடந்திருந்தால் கத்தரிக்காய் கிடைத்திருக்கும். முருங்கைக்காய், தேங்காய், வாழைக்காய், இஞ்சி, மிளகு எல்லாம் கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் பட்டியலில் உள்ள ஆறில் ஒன்றுகூடக் கிடைத்திராது. பூசணி என்று கேட்டிருந்தால் வெள்ளைப் பூச்சுப் பூசிய நீற்றுப்பூசணியைத்தான் கொடுத்திருப்பார்கள். உள்ளே மஞ்சளாக இருக்கும் பூசணி வேறு குலம். 1505இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், சில அவர்களோடும் சில பின்னால் வந்தவர்களோடும், ஒவ்வொன்றாக எங்கள் கரையில் இறங்கின.

அந்த ஆறையும் அன்றைக்கே சமைத்தும் தின்றும் பழகிய ஒரு நகரம் இருந்தது. கடலுக்கு அப்பால், இன்றைய மெக்சிக்கோவில். அதன் பெயர் டெனோச்டிட்லான். அங்கே வாழ்ந்தவர்களை உலகம் அஸ்டெக் மக்கள் என்று அழைக்கிறது. அவர்கள் தங்களை மெஷீக்கா என்று சொல்லிக்கொண்டார்கள். மெக்சிக்கோ என்ற நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அவர்கள் பேசிய மொழி நாவாட்ல். அதில் தக்காளி வகைக்கு டொமாட்ல், மிளகாய்க்கு சில்லி, ஆனைக்கொய்யாவுக்கு அவாகாட்ல். இந்தச் சொற்களை நீங்கள் ஆங்கிலப் பாடத்தில் கொஞ்சம் உருமாறிய கோலத்தில் சந்தித்திருப்பீர்கள். கொய்யாவுக்கு அவர்கள் வைத்த பெயர் எனக்கு மிகப் பிடிக்கும்: மணல்பழம். கொய்யாவைக் கடித்து விதை பல்லில் நறநறத்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மிளகாய் இங்கே வந்தபோது எங்களுக்கு அதன் பெயர் தெரியவில்லை. காரம் என்றால் நாங்கள் அறிந்தது மிளகுதான். அதனால் மிளகுபோலக் காரமான காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். சிங்களத்திலும் இதே கதைதான். மிளகைக் குறித்த மிரிஸ் என்ற சொல்லைப் புதிதாக வந்த மிளகாய் பிடுங்கிக்கொண்டது. பாவம், பழைய மிளகு கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ் ஆகிவிட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கொச்சிக்காய் என்பார்கள். கொச்சித் துறைமுகத்து வழியால் வந்ததால் அந்தப் பெயர் என்று சொல்லுவார்கள்.

டெனோச்டிட்லான் ஓர் ஏரியின் நடுவே இருந்த தீவு நகரம். 1325இல் அதைக் கட்டத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் மரபு. வீதிக்குப் பதில் பல இடங்களில் வாய்க்கால். வண்டிக்குப் பதில் வள்ளம். கரைக்குப் போக நீண்ட அணைப்பாதைகள். ஏரித்தண்ணீர் உப்பு கலந்ததால் சப்புல்டெபெக் குன்றின் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தார்கள். அந்தக் கால்வாயில் இரண்டு குழாய் வழிகள் இருந்தன. ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் ஓடும். வெள்ளவத்தையில் தண்ணீர் வெட்டு வந்து வாளியோடு நிற்கும் நாட்களில் அந்தப் பொறியியலாளரை நினைத்துக்கொள்வேன்.

தீவில் பயிர் செய்ய நிலம் ஏது? ஏரியிலேயே நிலம் செய்தார்கள். ஆழமில்லாத இடத்தில் நாணல், நீர்ச்செடி, சேறு என்று அடுக்கடுக்காகப் போட்டு நீள்சதுரப் பாத்தி கட்டினார்கள். ஓரத்தில் மரம் நட்டார்கள். வேர் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சினாம்பா என்று பெயர். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் கோடையிலும் வேர் காயாது. வாய்க்காலின் அடிச்சேற்றை அள்ளிப் பாத்தியில் போட்டால் அதுவே உரம். நகரத்துக் கழிவறைக் கழிவைக்கூட வள்ளத்தில் ஏற்றிவந்து உரமாக்கினார்கள். ஒரே பாத்தியில் ஆண்டுக்குப் பல விளைச்சல் கண்டார்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பில் கங்குன் கீரை விளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரநிலத்தை நிரப்பி மூடாமல் அதையே தோட்டமாக்கும் அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. மெக்சிக்கோவில் ஷொச்சிமில்கோ என்ற இடத்தில் சினாம்பாக்களில் இன்றும் பயிர் செய்கிறார்கள்.

இனிச் சந்தைக்குப் போவோம். நகரத்தின் வடபுறத்தில் ட்லாட்டெலோல்கோ சந்தை இருந்தது. நாளுக்கு 60,000 பேர் கூடினார்கள் என்று ஸ்பானியத் தளபதி ஏர்னான் கோர்ட்டேஸ் தன் அரசனுக்கு எழுதினார். மிளகாய் ஒரு வரிசை, பானை ஒரு வரிசை, மருந்துமூலிகை ஒரு வரிசை. கள்ள அளவை வைத்திருப்பவரை விசாரிக்க அங்கேயே நீதிபதிகள் இருந்தார்கள்.

சில்லறை என்ன தெரியுமா? கொக்கோ விதை. மாத்தளைப் பக்கம் தோட்டங்களில் மரத்தண்டிலேயே ஒட்டிக் காய்க்குமே, அந்தக் கொக்கோ. 1545ஆம் ஆண்டு ட்லாஸ்காலா என்ற ஊரில் நாவாட்ல் மொழியில் எழுதிய விலைப்பட்டியல் ஒன்று இன்னும் இருக்கிறது. பெரிய தக்காளி ஒன்று 1 விதை. நன்றாகப் பழுத்த ஆனைக்கொய்யா 1 விதை. அப்போதுதான் பறித்தது என்றால் 3 விதை. வான்கோழி முட்டை 3 விதை. நல்ல வான்கோழிப் பேடு 100 விதை. எங்கள் பட்டியலின் ஆனைக்கொய்யாவையும் தக்காளியையும் அங்கே வாங்கியிருந்தால் ஒரு பிடி விதை போதும். கள்ளக் காசும் இருந்தது! ஆனைக்கொய்யாக் கொட்டைத் துண்டு, மெழுகு, தானிய மா இவற்றால் பொய்க் கொக்கோ விதை செய்த வியாபாரிகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் எண்ணியது பத்துப் பத்தாக அல்ல, இருபது இருபதாக. கைவிரலோடு நின்றுவிடாமல் கால்விரலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றுக்குப் புள்ளி, 20க்குக் கொடி, 400க்கு இறகு, 8000க்குக் கொக்கோ மூட்டை. அவ்வளவுதான் குறியீடு. போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்த 1505ஐ எழுதிப் பார்ப்போமா? 3 இறகு, 15 கொடி, 5 புள்ளி. உங்கள் பிறந்த ஆண்டை நீங்களே வரைந்து பாருங்கள். இந்த இருபது ஒரு பூவின் பெயரிலும் உண்டு. மாலை கட்டும் கடையில் செம்மஞ்சள் நிறத்தில் குவிந்திருக்கும் மெரிகோல்ட் பூவும் மெக்சிக்கோ நாட்டுப் பூதான். இதழ் எண்ணி மாளாதென்று அதற்கு இருபதுபூ என்று பெயர் வைத்தார்கள்.

கொக்கோ விதையைச் செலவழித்ததோடு குடிக்கவும் செய்தார்கள். பாலும் சீனியும் இல்லை. விதையை வறுத்து அரைத்துத் தண்ணீரில் கரைத்து, சில வேளை மிளகாய்த்தூளும் வனிலாவும் சேர்த்து, ஒரு பாத்திரத்தை உயரத் தூக்கி மற்றதில் ஊற்றி நுரை எழுப்பினார்கள். கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் அண்ணன் பால்தேத்தண்ணியை இழுத்து ஆற்றுவாரே, அதே கை. உயரத்திலிருந்து விழும் நீர்த்தாரை காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, அதுதான் நுரை. ஆனால் அங்கே அது பிரபுக்களுக்கும் வீரர்களுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் உரிய பானம். சாதாரண வீட்டில் தினமும் காண முடியாது.

சாதாரண வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு சுவடி படம் போட்டுக் காட்டுகிறது. மெண்டோசா சுவடி என்று பெயர். நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்து ஏறக்குறைய 20 ஆண்டுக்குப் பின், 1541 அளவில் அந்நாட்டு ஓவியர்கள் வரைந்தது. இன்று ஒக்ஸ்போர்டில் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் பிள்ளைகளின் வாழ்க்கை வயது வயதாக வரையப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் வயதைக் காட்டும் சிறு வட்டங்கள். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சுருள் கிளம்பும், சித்திரக்கதையில் வரும் பேச்சுக் குமிழிபோல. மேலே அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எத்தனை சோளரொட்டி என்ற கணக்கு: 3 வயதில் பாதி, 4இலும் 5இலும் ஒன்று, 6 முதல் 12 வரை ஒன்றரை, 13இல் இரண்டு. என் பெறாமகள் உடனே தன் பங்கைப் பார்த்தாள். ஒன்றரை. "காணாது" என்றாள்.

6 வயதுப் பையன்கள் சந்தைக்குப் போய் நிலத்தில் சிந்திய சோளமணியையும் அவரையையும் பொறுக்கி வரவேண்டும். 7 வயதில் மீன்வலை. 13இல் வள்ளத்தில் நாணல் ஏற்றி வருவான். பெண்பிள்ளைகள் சிறு வயதிலேயே நூல் நூற்கத் தொடங்குவார்கள், 13இல் சோளம் அரைப்பார்கள், 14இல் நெய்வார்கள். குழப்படி செய்தால் தண்டனையும் உண்டு. 11 வயதுப் பிள்ளையைச் சுட்ட மிளகாய்ப் புகையின்மேல் பிடிக்கும் படத்தைப் பார்க்க எனக்கு மனம் பதறும். பிள்ளையின் கண்ணிலிருந்து கண்ணீர்த்துளி விழுவதையும் ஓவியர் வரைந்திருக்கிறார். செத்தல் மிளகாய் வறுக்கும்போது வீடு முழுக்க இருமுவோமே, அதை மூக்கருகே நினைத்துப் பாருங்கள்.

அது ஏன் எரிகிறது? மிளகாயில் கப்சைசின் என்ற பொருள் இருக்கிறது. எங்கள் நரம்பு நுனிகளில் சூட்டை உணர ஒரு சின்னக் கதவு உண்டு. சுடுதண்ணீர் பட்டால் திறக்கவேண்டிய அந்தக் கதவைக் கப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மூளை "தீ!" என்று நம்பிவிடுகிறது. இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பறவைகளின் கதவு கப்சைசினுக்குத் திறப்பதில்லை. அதனால்தான் கிளி பழமிளகாயை ஆறுதலாகத் தின்கிறது. விதையையும் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. சம்பல் உறைத்தால் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் தயிர் சாப்பிடுங்கள்.

அஸ்டெக் மக்களிடம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போனார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளும். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஒரு வகைப் பள்ளி, மற்றவர்களுக்கு இன்னொரு வகை. 500 ஆண்டுக்கு முன் இது பெரிய காரியம். அங்கே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. போரில் பிடித்தவர்களைக் கோயிலில் பலி கொடுத்தார்கள். அடிமைகள் இருந்தார்கள். தோற்ற ஊர்கள் வரி கட்டியே களைத்தன. 1519இல் ஸ்பானியர் வந்தபோது அந்த ஊர்களில் பல அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டன. 1520இல் பெரியம்மை பரவியது. 1521 ஓகஸ்ட் 13இல் நகரம் வீழ்ந்தது. திரைப்படங்கள் இந்தப் பலியையும் போரையும் மட்டுமே காட்டுகின்றன. எனக்கோ அடுப்படிதான் பெரிதாகத் தெரிகிறது. அங்கே போவோம்.

அடுப்படியில் ஓர் அம்மி. ஆம், அம்மியேதான். எரிமலைக் கல்லில் செய்தது, மூன்று கால் உள்ளது; பெண்கள் முழந்தாளிட்டு அரைப்பார்கள். அதன் பெயர் மெட்லாட்ல். மேலே உருட்டும் கல்லுக்கு மெட்லாபில்லி என்று பெயர். பில்லி என்றால் பிள்ளை. மெட்லாபில்லி, அம்மியின் பிள்ளை. இப்போது எங்கள் சொல்லை நினைத்துப் பாருங்கள். அம்மிக் குழவி. குழவி என்றால் குழந்தை! இரண்டு பெருங்கடலுக்கு இரண்டு பக்கத்தில், ஒருவரை ஒருவர் கண்டிராத இரண்டு சனங்கள், கல்லின்மேல் கிடந்து புரளும் கல்லைப் பார்த்து ஒரே எண்ணத்தை எண்ணியிருக்கிறார்கள். அம்மம்மாவின் அம்மி எங்கள் வீட்டு பல்கனியில் செடிச்சட்டிக்குக் கீழே கிடக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து அதைத் தாண்டிப் போகும்போது ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போகிறேன்.

அந்த அம்மியில் அரைத்தது பச்சைச் சோளமணியை அல்ல. முதல் நாள் இரவே காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த தண்ணீரில் வேகவைத்து, அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் தோல் கையோடு கழன்று வரும். நன்றாகக் கழுவி, பிறகுதான் அம்மிக்குப் போகும். மா ஒட்டும் பதமாக வரும். தட்டையாகத் தட்டி மண்தட்டில் சுடுவார்கள். அஸ்டெக் மக்களுக்கும் முன்னாலேயே, 3000 ஆண்டுக்கு மேலாக, அந்தப் பகுதிப் பெண்களுக்குத் தெரிந்த வித்தை இது.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? கலியாண வீட்டில் ஆரத்தித் தட்டில் மஞ்சள்தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் இரத்தச் சிவப்பாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்பு ஒரு காரம்; மிளகாயின் உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம். மஞ்சளின் நிறத்தை அது மாற்றுகிறது. சோளத்திலும் அப்படி ஒரு மாற்றத்தைச் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். தோலைப் பிடித்திருக்கும் பசையை இளக்குகிறது. அதைவிட முக்கியம் இது: சோளத்தில் நயசின் என்ற விட்டமின் இருக்கிறது, ஆனால் பூட்டிவைத்த பெட்டிபோல. எங்கள் குடலால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. சுண்ணாம்புதான் திறப்பு.

சோளம் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. மலிவாக விளைந்தது, ஏழைகளின் ஒரே சாப்பாடாகவும் ஆனது. ஆனால் சுண்ணாம்பு கூடப் போகவில்லை. அரைக்க அங்கே ஆலைகள் இருந்தன. எதற்கு ஊறவைத்து மெனக்கெடவேண்டும்? 1735இல் ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் ஒரு புதிய நோயைக் கண்டார். வெயில் பட்ட இடத்தில் தோல் சொரசொரத்துச் சிவக்கும், வயிற்றோட்டம் வரும், பிறகு புத்தி தடுமாறும், பலர் இறப்பார்கள். இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஆயிரக்கணக்கானோர் அதனால் மாண்டார்கள். தொற்றுநோய் என்று பயந்தார்கள். 1914இல் இதை ஆராயத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர், இது கிருமியால் அல்ல, சாப்பாட்டுக் குறையால் வருவது என்று காட்டினார். 1937இல் கொன்ராட் எல்வெஜெம் அந்தக் குறை நயசின்தான் என்று கண்டார்.

1735இலிருந்து 1937 வரை எத்தனை ஆண்டு என்று கழித்துப் பாருங்கள். இவ்வளவு காலமும் விடை மெக்சிக்கோவின் ஒவ்வொரு ஏழை வீட்டு அடுப்படியிலும் பானைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. கோயிலை இடித்த ஸ்பானியர் தங்கத்தை நிறுத்தார்கள், சோள விதையை அள்ளிக்கொண்டார்கள். முழந்தாளிட்டு அரைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் "இதை ஏன் அம்மா சுண்ணாம்பில் போடுகிறீர்கள்?" என்று நின்று கேட்டவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இது இன்றைக்கும் பெரிய மனவருத்தம்.

அந்தப் பெண்கள் சோளத்தோடு அவரையும் சமைத்தார்கள். சோளப் புரதத்தில் குறைவானது அவரையில் நிறைய உண்டு. இரண்டும் சேர்ந்தால் நிறைவு. உங்கள் தங்கச்சி தம்பிக்குக் கிளினிக்கில் திரிபோஷா தந்திருப்பார்கள். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து நீங்களும் களவாகத் தின்றிருப்பீர்கள். பையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சோளமும் சோயா அவரையும். விட்டமின்களையும் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெர்னார்டினோ டி சகாகுன் என்ற பாதிரியாரும் நாவாட்ல் அறிஞர்களும் சேர்ந்து 12 புத்தகங்களாக அந்த மக்களின் வாழ்க்கையை எழுதிவைத்தார்கள். அந்தச் சுவடி இப்போது புளோரன்ஸ் நகரில் இருக்கிறது. அதில் ஒரு சின்னச் செய்தி: சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் மெல்ல மூச்சுவிடுவார்களாம். சூட்டுக்குப் பயப்படக்கூடாது என்று.

அன்று பின்னேரம் மூன்று சோளனையும் உரித்தோம். பெறாமகள் வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். "சித்தி, சுண்ணாம்பு போடவேண்டாமோ?"

"வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும், அதோட விளையாடக்கூடாது. நாங்கள் சோறு, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடுறம்; நயசின் அதில கிடைக்கும். மூண்டு நேரமும் சோளன் மட்டும் தின்னுறவைக்குத்தான் அது தேவை."

தலையாட்டினாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். ஒரு சோளனை இரண்டு கையாலும் ஏந்தி வாய்க்கருகே கொண்டுபோனாள். மெல்ல மூச்சுவிட்டாள். பானைக்குள் இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.